மாமாவுக்கு எதுக்கு ஆசிட்?

"இந்த வயசுல யாருக்காக மாமா மினுக்குறீங்க?"

கணவர் சுப்பராயலுவின் சட்டைப்பையில் கிடைத்த சின்ன பாட்டிலை ஞானாம்பாள் ஆட்டிக் காட்டினாள்.

"சாலிசிலிக் ஆசிட்! போன்ல பாத்துட்டேன். முகப்பரு போயி மூஞ்சி பளபளன்னு ஆயிடுமாம். இதுக்குத்தான் தினமும் ரூம் கதவைச் சாத்திக்கிறீங்களா?"

சுப்பராயலு நெளிந்தார். "சிதம்பரத்துல வாங்குனேன்..."

"அங்க எவ இருக்கா?"

வேறு வழியில்லாமல் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். நடுவில் மிளகு பருமனுக்குக் கால் ஆணி.

"இதையும் அது கரைக்குமாம். தொப்பை குறையணும்னு வெறுங்காலோட கூழாங்கல்லுல தினமும் எட்டு போட்டு நடக்க வெச்சது நீதானே?"

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, நடக்காம இருக்க சாக்குன்னு சொல்லுவே."

ஞானாம்பாள் அவர் பாதத்தை மடியில் இழுத்துவைத்து, மருந்தைப் பதமாகத் தொட்டுவைத்தாள்.

"நாளையிலேருந்து செருப்பு போட்டுக்கிட்டு எட்டு போடுங்க."