மஞ்சள் பூசிய சர்வே கல்

நாங்கள் மனை வாங்கிய வருஷம், பால் ஊற்ற வரும் செண்பகம் சொன்ன கதை இது.

ஒரு சர்வே கல்லைப் பக்கத்து மனைக்காரர் பிடுங்கி, தனியாக இருந்த மரகதத்தின் வாசலுக்குள் நாலடி தள்ளி நட்டுவிட்டார். யாரும் தொடக்கூடாதென்று மஞ்சள், குங்குமம் பூசித் தினமும் மாலையும் போட்டார். பாவம், மரகதம் தண்ணீர்க் குடத்தோடு அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள்.

மாலையைத் தின்ன ஓர் ஆடு வந்தது.

"நல்லாத் தின்னு. அப்படியே என் தலையையும் நக்கிவிடு," என்றது கல்.

"சாமியாயிட்டே. தினம் பூ வருது. உனக்கென்ன குறை?"

"அவ இடத்துல நின்னுக்கிட்டு அவகிட்டயே கும்பிடு வாங்குறேன். முடியலைப்பா. இன்னைக்கு சர்வேயர் வர்றாரு. இந்தக் கோலத்துல பார்த்தா அவரும் கும்பிட்டுட்டுப் போயிடுவாரு."

"நீ போயிட்டா என் மாலைக்கு வழி?"

அந்த நேரம் மரகதம் குடத்தோடு வந்து கல்லில் இடித்துக்கொண்டாள். காலைத் தடவியபடியே, "மன்னிச்சுக்கோ சாமி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆடு அவளைப் பார்த்தது. பிறகு கல்லின் தலையை நக்க ஆரம்பித்தது.

சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். "கல்லு நாலடி தள்ளி இருக்கே."

"ஐயையோ, அது சாமிங்க!" என்றார் பக்கத்து மனைக்காரர்.

"எந்தச் சாமிக்குய்யா தலையில சர்வே அம்புக்குறி வெட்டியிருக்கு?"

கல் தன் இடத்துக்கே வந்தது. பூவும் இல்லை, சூடமும் இல்லை. அசந்து தூங்கிவிட்டது.

ஆடு மட்டும் இன்னும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறதாம். அந்தப் பக்கம் போனால் அதற்கு ஒரு கொத்து அகத்திக்கீரை போடுங்கள்.