வழுக்கி விழுந்தவர்கள்

அவன் கையிலும் மாவுக்கட்டு.

வலது கை. முழங்கைக்குக் கீழே.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அதே கை. அதே இடம்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, நீதிபதியின் மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். அவள் புருஷன். போன வாரம் நடுத்தெருவில் வைத்து வீல் ஸ்பேனரால் அவள் கையை உடைத்தவன். எதிர்வீட்டில் யாரோ அதை செல்போனில் எடுத்துவிட்டார்கள். ஊரே பார்த்தது. அதனால்தான் போலீஸ் வந்தது. வீட்டுக்குள் நடந்திருந்தால் எவன் எட்டிப் பார்த்திருப்பான்?

நேற்று இன்ஸ்பெக்டரே அவள் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"கைக்குக் கை. தங்கச்சிக்கிட்டச் சொல்லிருங்க. சந்தேகம்னா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கச் சொல்லுங்க, ஒரு இஞ்ச் தள்ளிப் போயிருக்காது."

இன்ஸ்பெக்டர் அனுப்பிய மாவுக்கட்டுப் படத்தை அண்ணன் ஸ்டேட்டஸ் வைத்தான். தெரு முழுக்க லட்டு கொடுத்தான்.

அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது கையால் ஒரு லட்டை முழுசாகத் தின்றாள்.

வலிக்கட்டும். நல்லா வலிக்கட்டும். கட்டுக்குள்ளே அரிக்கும்போது சொறிய வழியில்லாமல் துடிக்கட்டும்.

அதை நேரில் பார்க்கத்தான் இன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்தாள்.

நீதிபதி சின்ன வயதுப் பெண். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"கையில என்ன?"

அவன் தலை நிமிரவில்லை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. அண்ணனும் சிரித்தான். போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம்களுக்கு அப்படி என்ன ராசியோ. உள்ளே போகிறவன் எல்லாம் கையோ காலோ ஒடிந்துதான் வருகிறான்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் தணியும், எந்த இடத்தில் எச்சில் விழுங்கும், எல்லாம் தெரியும்.

அது அவளுடைய குரல்.

பல் போனபோது பெரியாஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னாள். விலா எலும்புக்கும் அதேதான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார். பின்னாலேயே அவன் நிற்பான். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப அக்கறையாக. டாக்டர் சீட்டில் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு அதுதான் நடந்தது.

இப்போது அவன் பின்னால் இன்ஸ்பெக்டர் நிற்கிறார்.

நீதிபதி பேனாவைத் திறந்தார்.

அவன் விழுந்தான் என்று எழுதப்போகிறார். அவனை யாரும் அடிக்கவில்லை. அப்படியானால் அந்தக் கை எதற்கு உடைந்தது? அவளுக்காக இல்லை. அவள் பல்லுக்காக இல்லை. அவள் விழுந்தாள், அவனும் விழுந்தான், அவ்வளவுதான். இந்த ஊரில் யாரும் யாரையும் அடித்ததே கிடையாது.

தின்ற லட்டு நெஞ்சுவரை வந்து நின்றது.

எழுந்தாள்.

"உக்காருத்தா." அண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "நமக்காகத்தானே செஞ்சாங்க? அவங்களப் பகைச்சுக்கிட்டா, நாளைக்கு இவன் வெளிய வந்து வெட்டுனாக்கூட ஒரு பய வரமாட்டான்."

அது உண்மைதான். அவளுக்குத் தெரியாதா என்ன.

"அம்மா, அது பொய்ம்மா."

பேனா நின்றது.

இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் வேறொருத்தியாக இருந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷனின் பார்வை அதைவிட மோசம். தலையைக் குனிந்தபடியே, வேண்டாம், வேண்டாம் என்று ஓரக்கண்ணாலேயே கெஞ்சினான். மறுபடி அவர்கள் கையில் மாட்டினால் என்ன ஆகுமோ என்ற பயம். அந்தப் பயமும் அவளுக்குப் பழக்கம்தான்.

"யாரும்மா நீங்க?"

"அன்னமயில். அவரு பொண்டாட்டி."

"எது பொய்?"

"அவரு வழுக்கி விழல. அடிச்சாங்க. நானும் வழுக்கி விழல. இத்தனை வருசமா ஆஸ்பத்திரியில நான் சொன்னதெல்லாம் பொய்."

கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள்.

"அவர விட்டுருங்கன்னு கேக்கலம்மா. உள்ள போடுங்க. ஆனா என்னைய அடிச்சதுக்குன்னு சொல்லிப் போடுங்க. அது அவரு காதுல விழணும். என் காதுலயும் விழணும்."

யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி அவள் கையைப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

இந்த ஒரு வார்த்தையை எந்த டாக்டராவது என்றைக்காவது அவனிடம் சொல்லியிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. அவன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். அண்ணன் முந்தானையை எப்போது விட்டான் என்று தெரியவில்லை.

"இப்ப சொல்லுங்கம்மா. முதல்ல இருந்து. உக்காந்தே சொல்லலாம்."

"வேணாம்மா. நின்னே சொல்றேன்."

கால் நடுங்கத்தான் செய்தது.

விழவில்லை.