எழுதியவர் பெயர்

ராஸ்முஸ் வாங்கி வந்த கேக்கை எல்லோரும் வெட்டிக்கொண்டிருக்க, யான்னி மட்டும் கணினியை விட்டு எழவில்லை.

வேலையில் சொதப்பியவர் வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வர வேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். இந்த வாரம் தலைவன் ராஸ்முஸே, சோதனைக்கு எழுதிய கடிதத்தை அறுநூறு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பித் தொலைத்திருந்தான். டென்மார்க்கில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. தின்பார்கள், மறந்துவிடுவார்கள்.

யான்னி மறக்கிறவள் இல்லை.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக்குப் பராமரிப்பாளர்கள் போய்வந்த விவரத்தை அலசி, நகராட்சிக்குத் திரையில் காட்டும் மென்பொருள் அவர்களுடையது. ஒழுங்காகப் போயிருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அதன் விதிகளை விளக்கும் ஆவணத்தை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. நிரல் ஒன்று சொல்லும், ஆவணம் இன்னொன்று சொல்லும். திங்கட்கிழமை தணிக்கை என்றதும் ராஸ்முஸ் அலறியடித்துக்கொண்டு ஆளுக்கொரு பகுதியைத் தலையில் கட்டினான்.

ஒன்பதாம் பகுதியை யான்னியே கேட்டு வாங்கினாள். 'கதவு திறக்கப்படாத வருகைகள்.'

பிப்ரவரியில் அவள் அப்பா ஐனர் குளியலறையில் வழுக்கி விழுந்து நான்கு நாள் கிடந்தார். தினம் ஒரு புது ஆள் வந்து மணி அடித்து, கதவு திறக்கவில்லை என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாளே திரை சிவப்பாகி, சாவியோடு யாராவது ஓடியிருக்க வேண்டும். நான்கு நாளும் பச்சையாகவே இருந்தது. நிரலில் ஒரு வரி, திறக்காத கதவையும் 'வருகை முடிந்தது' என்று எண்ணிக்கொண்டிருந்தது. யான்னி ஞாயிறுதோறும் அப்பாவோடு பேசுகிறவள். ஞாயிறு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வரியைக் கண்டுபிடித்து நீக்கியவர் பிரெபென், அங்கே எல்லோருக்கும் மூத்தவர். கூட்டத்தில் எழுந்து, அதை எழுதியது நான்தான் என்றார்.

அடக்கத்தன்று அவர் கை நீட்டியபோது யான்னி தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நான்கு மாதமாகக் காலை வணக்கம்கூடக் கிடையாது. காபி இயந்திரத்தருகே அவர் நின்றால் வெறுங்கோப்பையோடு திரும்பிவிடுவாள். என் அப்பாவைக் கொன்றுவிட்டு இந்த ஆள் வேளாவேளைக்கு எப்படி ரொட்டி தின்கிறான் என்று வயிறெரிந்தாள்.

ஆவணத்தின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. விதி, தேதி, எழுதியவர் பெயர். தணிக்கைக்காரர்கள் படிப்பார்கள், நகராட்சி படிக்கும், மென்பொருள் உள்ளவரை இருக்கும். அந்தக் கட்டத்தில் பிரெபென் பெயரைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒன்பதாம் பகுதி.

தேதி மட்டும் தெரியவில்லை. நிரலின் வரலாற்றைத் திறந்தாள். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. செய்தவரே ஒப்புக்கொண்ட பிறகு யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

மூன்று வருடத்துக்கு முன், டிசம்பர் இருபத்து மூன்று. மாலை மூன்றே முக்கால். வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். புத்தாண்டு கழிந்ததும் எடுத்துவிடவும்.'

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கிழவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளைகள் வீட்டுக்குப் பண்டிகைக்குக் கிளம்பிப்போக, திரை முழுக்கச் சிவப்பாகி, நகராட்சிக்காரர்கள் தொலைபேசியில் கத்தினார்கள். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஊரில் அப்பா பால்சோறு கிளறி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எழுதியவர் பெயர் யான்னி என்று இருந்தது.

நான்கு மாதம் அந்த மனிதர்மேல் வாரி இறைத்த மண்ணெல்லாம் ஒரே நொடியில் தன் தலையிலேயே வந்து விழுந்தது. திரும்பினாள். பிரெபென் கேக் தட்டோடு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என் பேரையே போட்டுடு, யான்னி. டிசம்பரோட எனக்கு ஓய்வு. என்ன ஆயிடப்போகுது?" என்றார், மற்றவர்கள் காதில் விழாமல்.

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். அப்பா வைத்த முழுப் பெயர்.

மேசைப் பக்கமிருந்து ராஸ்முஸ், அடுத்த வெள்ளிக்கிழமை கேக் யார் என்று கேட்டான். யான்னி கையைத் தூக்கினாள். ஓவென்று சத்தம் போட்டுக் கை தட்டினார்கள். அவள் கேக் வாங்கி யாரும் பார்த்ததே இல்லை.

"சின்னத் தப்புன்னா சின்ன கேக் போதும்," என்று ராஸ்முஸ் சிரித்தான்.

"பெருசாவே வாங்கிட்டு வரேன்," என்றாள் யான்னி.