இன்னும் பத்து கிளாஸ்

“பிரேக்குன்னு சொன்னா மிதிக்கணும் புள்ள, யோசிக்கக் கூடாது” என்றார் முத்துலிங்கம். குண்டசாலையில் பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டப் பழக்குகிறவர்.

வெளிநாட்டுப் படிப்பிலிருந்து லீவில் வந்திருந்த சந்திரிகா தலையாட்டினாள். “நாளைக்கு டெஸ்டுக்குப் போகலாமா சேர்?”

“பார்க்கிங்கே ஒழுங்கா வரல. இன்னும் பத்து கிளாஸ் வராம அனுப்ப மாட்டேன்.”

பல்லேகலப் பக்கம் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“என் மகன் அமெரிக்காவில பிளேன் ஓட்டப் படிக்கிறான். அங்க பழக்குறவன் ஒரு திமிர் புடிச்சவன். அவனும் வெளிநாட்டுல இருந்து படிக்க வந்தவன்தானாம். ஆறு மாசமா எம்புள்ளையத் தனியாப் பறக்க விடல.”

அந்நேரம் மகனே வீடியோவில் அழைத்தான். முத்துலிங்கம் போனை அவள் பக்கம் திருப்பினார். “பாருடா, இதுக்கு ரிவர்ஸும் வரல.”

திரையில் மகன் எழுந்தே நின்றுவிட்டான். “மேடம்...”

பிறகு மெல்லச் சொன்னான். “அப்பா, இவங்கதான் எனக்கு பிளேன் ஓட்டப் பழக்குறவங்க. பொம்பளைன்னா நீங்க சிரிப்பீங்கன்னுதான் அதைச் சொல்லல.”

நின்றுகொண்டிருந்த காரில் முத்துலிங்கம், பழக்குகிறவருக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை அழுத்தி மிதித்தார்.

“நாளைக்கே டெஸ்டுக்குப் போயிரலாங்க மேடம். அப்படியே நம்ம பையனையும் கொஞ்சம்...”

“வேணாங்க சேர். நீங்க சொன்னது சரிதான், பத்து கிளாஸ் வர்றேன்.” சந்திரிகா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “உங்க மகனுக்கு இன்னும் பிளேனை இறக்கத் தெரியல. அவருக்கு இருபது.”