மணிக்கட்டுக் கயிறு

"கயித்த விடு நோரீன். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னிக்கு நீ ஓட்டக் கூடாது, வெர்ன்."

கயிற்றின் ஒரு முனை பந்தய மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் இருந்தது. மறுமுனை ஓட்டுகிறவனின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணையும். பிரேக்கே இல்லாத அந்த வண்டிகளில் உயிருக்கு இருந்த ஒரே காவல் அதுதான். அதைக் கட்டாதவனை நடுவர் தடத்தில் இறங்க விடமாட்டார். அந்த முனையைத்தான் வெர்னின் மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெர்ன் நடுவில் பற்றி இழுத்தான். கயிறு வெடவெடவென்று ஆடியது.

போன சனிக்கிழமை இதே அடிலெய்ட் மைதானத்தில், இரண்டாவது வளைவில், சக பந்தயக்காரன் ஹேடன் வேலியில் மோதிச் செத்தான். இரண்டு கஜம் பின்னால் வந்தவன் வெர்ன். உடைந்த இடத்தில் அடித்திருந்த புதுப் பலகை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஹேடன் பொண்டாட்டி மாதிரி நானும் கறுப்பு உடுத்தணுமா?" என்று நோரீன் ஓவென்று அழுதாள்.

மற்ற பந்தயக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். போன வருஷம் வயிற்றுவலி என்று சொல்லிப் பின்வாங்கிய ஒருவனின் வண்டியில், பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்காட்ட, இவர்கள் உயிருள்ள கோழியைக் கட்டிவிட்டார்கள். அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

"என்ன வெர்ன், கோழி வாங்கணுமா?" என்றான் ஒருவன்.

"எனக்கென்னப்பா பயம்? பன்னெண்டு வருஷமா ஓட்டறேன். இவதான் விடமாட்டேங்கறா."

பந்தயத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் என்று மணி அடித்தது. மேலாளர் பெர்ஸ் ஓடிவந்து கெஞ்சினார், பிறகு திட்டினார். நோரீன் பிடியை விடவில்லை. கடைசியில் மாற்று ஆளை இறக்கச் சொல்லிவிட்டு, பெண்களை உள்ளே விட்டதே தப்பு என்று கத்திக்கொண்டே போனார்.

வெர்ன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான். "இத்தோட பந்தயத்துக்கு ஒரு கும்பிடு. இவகூட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

கோழி கேட்டவனே வந்து, பாவம் என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

வண்டியைச் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். முதல் திருப்பம் தாண்டி மைதானம் மறைந்ததும் வெர்ன் ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கில் அவன் கைகள் இன்னும் உதறிக்கொண்டிருந்தன.

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவற்றின்மேல் தன் கையை வைத்தாள். அது துளியும் நடுங்கவில்லை.

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே அழுதேனா?" என்று கேட்டாள்.