கொட்டகை நிறைந்த நாள்

போருக்கே இரும்பெல்லாம் போய்விட்டதால் அந்தக் கொட்டகையை மரத்தால் கட்டினார்கள். ஆறு ஆகாயக் கப்பல்கள் ஒன்றாய்த் தூங்கும் அளவுக்குப் பெரிசு. போர் முடிந்து எல்லாம் கிளம்பியபோது ஒரு கப்பல் மட்டும், "நான் திரும்பி வருவேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றிலிருந்து கொட்டகைக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்று அசைந்தாலே உத்தரமெல்லாம் கிறீச்சிடும். கதவு உருளும் தண்டவாளத்தில் கூடு கட்டியிருந்த குருவியை, "வந்துட்டானா, பாரு தாயி" என்று விரட்டும்.

"மேகம்ண்ணே. நேத்து வந்த அதே மேகம். என்னை முட்டைமேல உக்கார விடமாட்டீங்களா?"

குஞ்சு பொரித்த மறுநாள் நிஜமாகவே கப்பலின் இரைச்சல் கேட்டது. வயிற்றில் சோப்பு விளம்பரத்தோடு கப்பல் வாசலில் வந்து நின்றது.

"நான்தாண்ணே! கதவைத் திற, களைச்சு வந்திருக்கேன்."

கதவு ஆவலாய் நகர்ந்தது. சக்கரம் கூட்டை நெருங்கியது. குருவி குஞ்சுகள்மேல் சிறகை விரித்துக்கொண்டது.

கதவு நின்றது.

"உள்ள இடமில்லப்பா."

"ஆறு பேர் படுத்த இடத்திலயா?"

"நிறைஞ்சிருச்சு."

கப்பல் முனகிக்கொண்டே திரும்பியது. இரைச்சல் தேயும்வரை கொட்டகை ஒரு பலகையைக்கூட அசைக்கவில்லை. பிறகு கேட்டது: "எந்தப் பக்கமா போறான், பாரு தாயி."

அன்று குருவி சலித்துக்கொள்ளாமல் பறந்தது.