முன்வரிசை முதுகு

"யோவ், உட்காருய்யா! மறைக்குது!"

மூணாவது தடவையாகக் கத்திவிட்டார் கிடார்.

கிடார் என்பது தெரு வைத்த பேர். ஆள் லாண்டரிக் கடைக்காரர். நிஜ கிடாரைத் தொட்டதுகூடக் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே ராக் குழுவின் பாட்டைக் கடையில் அலறவிட்டு, கோட்டு மாட்டுகிற ஹேங்கரை நெஞ்சோடு அணைத்து மீட்டுவார். அதனால் வந்த பேர்.

இன்றைக்கு அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி. கிடாருக்கு இரண்டாவது வரிசை. பக்கத்தில் மனைவி, இரண்டு காதிலும் பஞ்சோடு.

அவருக்கு நேர் முன்னால், முதல் வரிசையின் நட்டநடுவில், ஒரு வழுக்கைத் தலைக்காரர் எழுந்து நின்றவர் நின்றவர்தான். அரங்கமே உட்கார்ந்திருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்மானம். தலை ஆடியதே தவிர, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இந்த ஆள் மட்டும் தூண் மாதிரி.

"பஞ்சு வச்சும் கேக்குதுங்க. இந்த வயசுலயும் என்ன தொண்டை உங்க பாட்டுக்காரருக்கு!" என்றாள் மனைவி.

"எழுபது வயசுடி! மத்தவனெல்லாம் காலடியில திரை வச்சு, வரியைப் படிச்சுப் பாடறான். எங்க ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் வேணாம். அத்தனையும் மண்டைக்குள்ள!"

"முன்னால நிக்கிறாரே, எனக்குப் பக்கவாட்டுல தெரியுது, அவரும் வாயசைச்சுக்கிட்டே இருக்காரு. சத்தம் வர்றதில்ல. அதுவும் ஒவ்வொரு வரியும் வர்றதுக்கு முன்னாடியே முந்திக்கிறாரு."

"முந்திரிக்கொட்டை! தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஊருக்குக் காட்டணும். முப்பத்தெட்டு வருஷம் கேட்டவன் நானே வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க எப்ப மூடுனீங்க?"

பாட்டு முடிந்தது. அடுத்தது 'கதவு' பாட்டு.

அதற்காகத்தான் கிடார் வந்ததே. இருபத்திரண்டு வயதில் அப்பா போனபோது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் கிடந்தவர். பக்கத்து அறை ரேடியோவில் வந்த அந்தப் பாட்டுதான் அவரை எழுப்பி வெளியே நடத்தியது. அதை ஒரே ஒரு தரம், பாடுகிற மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பாடகர் அந்தப் பக்கம் திரும்பி முகம் துடைத்தார், தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில் கிடார் கையைத் தட்டி செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

செக்யூரிட்டி வழுக்கைத் தலைக்காரரிடம் குனிந்தார். "சார், உட்காருங்க. பின்னாடி மறைக்குதாம்."

"உட்கார முடியாதுப்பா."

"ஏன், உடம்புக்கு ஏதாவதா?"

அவர் மேடையை ஒரு பார்வை பார்த்தார். "காரணம் கேக்காதே. வெளியில சொல்ற விஷயமில்ல. இந்த ஒரு பாட்டு மட்டும் நின்னுக்கறேன்."

"அந்த ஒரு பாட்டுக்குத்தான்யா நான் காத்துக் கிடந்தேன்!" கிடார் எழும்பிக் குதித்தார். "உன் முதுகைப் பார்க்கவா வந்தேன்?"

"சத்தம் போடாதீங்க ஐயா, மேடைக்குக் கேட்டுடப் போகுது. பாட்டு நல்லபடியா நடக்கணும்னுதான் நிக்கிறேன்."

"ஓகோ! சேவல் கூவித்தான் பொழுது விடியுதோ?"

சுற்றிலும் சிரிப்பு. "வெளிய அனுப்புங்கப்பா!" என்றது ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல்.

செக்யூரிட்டி தோளில் கை வைத்தார். அந்த மனிதர் மல்லுக்கு நிற்கவில்லை. வாயைத் திறக்கப் போனவர், மேடையைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொள்கிறவரைக்கும் கைதட்டல். கிடார்தான் பலமாகத் தட்டினார்.

"பாவங்க. என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டுப் போறாரு."

"பாவமாவது! இப்பதான்டி மேடையே தெரியுது."

டிரம்ஸ் அதிர்ந்தது. பாடகர் இந்தப் பக்கம் திரும்பி, மேடை விளிம்புக்கு வந்து, முதல் வரியைப் பாடினார். கிடாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டாவது வரி வரவில்லை.

வாத்தியக்காரர்கள் அதே இடத்தை மறுபடி வாசித்தார்கள். வரவில்லை. இன்னொரு தடவை வாசித்தார்கள்.

பாடகர் நெற்றிக்குமேல் கையைக் குடையாக வைத்து, விளக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, முன்வரிசையைத் தேடினார். காலி நாற்காலியில் வந்து கண் நின்றது. மைக் வாயருகே இருப்பது அவருக்கு மறந்துவிட்டது.

"அண்ணே... எங்கண்ணே போயிட்டே? அடுத்தது என்னண்ணே?"

ஏதோ வேடிக்கை என்று நினைத்துப் பின்வரிசைகள் கைதட்டின. விசில்கூடப் பறந்தது.

கிடார் தட்டவில்லை. தட்டிய கை இரண்டும் மடியில் கிடந்தன.

மனைவி காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். "எந்திரிங்க! உங்களுக்குத்தான் அத்தனை வரியும் தெரியுமே. அவரைப் பார்த்து வாயை அசைங்க, போதும்!"

கிடார் எழுந்தார். முன்சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். பாடகரின் கண் இன்னும் அந்தக் காலி நாற்காலியிலேயே இருந்தது. இங்கே பாருங்க என்று கிடார் கையைத் தூக்கி, வாயைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ், உட்காருய்யா! உன் முதுகைப் பார்க்கவா வந்தோம்?"